கழுவெளியில் வீடு வேண்டாம்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் அடுக்குமாடி வீடுகள் வரக்கூடாது என்று இங்கே இரண்டு முறை எழுதிவிட்டேன். அதைப் படித்துவிட்டு என் தங்கை மகன் போன் செய்தான். "பெரியம்மா, உங்களுக்குச் சொந்த வீடு இருக்கு. நாங்க வாடகையிலேயே காலம் தள்ளணுமா?" என்றான். என்னிடம் படித்த இரண்டு பேரும் இதையே கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். எல்லோருக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

செம்பாக்கம், நாராயணபுரம் போன்ற ஏரிகள் நிரம்பினால் உபரி நீர் எங்கே போகும்? இந்தக் கழுவெளிக்குத்தான். இங்கே தங்கி, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேர்கிறது. தங்கும் இடத்தை மண் கொட்டி மேடாக்கினால் தண்ணீர் காணாமல் போய்விடாது. பக்கத்துத் தெருவுக்குள் வரும். 2015 டிசம்பரிலும், 2023 மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் படகு விட்டதை எல்லோரும் பார்த்தோம். முதலில் மூழ்கியது தரைத்தளத்தில் வாடகைக்கு இருந்த ஏழைகள்தான்.

ஒரு காலத்தில் சுமார் 5,000 ஹெக்டேர் என்று சொல்லப்பட்ட நிலம் இது. குப்பைக் கிடங்கு, சாலை, கட்டடம் என்று தின்றது போக, சுமார் 1,248 ஹெக்டேர் 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்று அதற்குப் பொருள். அந்த எல்லைக்குள்ளேயே அடுக்குமாடி கட்ட அனுமதி கிடைத்ததாக 2025-இல் வழக்கு வந்து, சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஆகவே "அப்ரூவல் இருக்கு டீச்சர்" என்ற ஒரு சொல்லை மட்டும் நம்பி முன்பணம் கட்டாதீர்கள். தடை வந்தால் இருபது வருடக் கடனோடு நிற்கப்போவது நீங்கள்தான்.

வீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்த இடம் வேண்டாம் என்கிறேன். நம் முன்னோர் மேட்டில் ஊர் நத்தம் வைத்தார்கள், தாழ்வைத் தண்ணீருக்கு விட்டார்கள். அவர்களுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள், வீடு தேவைப்பட்டது. இருந்தும் விட்டார்கள்.

புக் செய்வதற்கு முன் மூன்று காரியம் செய்யுங்கள். சர்வே எண்ணை வாங்கி, பழைய வருவாய்ப் பதிவேட்டில் அது என்ன வகை நிலம் என்று பாருங்கள். ராம்சர் எல்லைக்கு எவ்வளவு தூரம் என்று எழுத்தில் கேளுங்கள். மழைக்காலத்தில் ஒருமுறை நேரில் போய், அந்தத் தெருவில் பல வருடமாகக் குடியிருப்பவரிடம் தண்ணீர் எதுவரை வந்தது என்று விசாரியுங்கள்.

வெளியூரில், வெளிநாட்டில் இருந்து முதலீட்டுக்காக வாங்க நினைக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை கூடுதலாக. நீங்கள் அங்கே பத்திரமாக இருப்பீர்கள். உங்கள் பிளாட்டுக்காகத் தள்ளிவிட்ட தண்ணீரில் நிற்பது இங்கே இருக்கும் நாங்கள்.

என்மேல் வருத்தம் இருந்தால் போன் செய்யுங்கள், பேசுவோம். எல்லோரும் நல்ல வீட்டில், காய்ந்த தரையில் நலமாக வாழ வேண்டும்.

ஆசிகளுடன்,
உங்கள் டீச்சர்