பூசணிக்காய் இல்லாத பூசணிக்காய் காப்பி

செப்டம்பர் பிறந்தால் போதும், டொராண்டோவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பூசணிக்காய்தான். காப்பி, டோனட், மஃபின், மெழுகுவர்த்தி... போன வாரம் ஒரு கடையில் நாய் பிஸ்கட்டில்கூடப் பார்த்தேன். மரத்தில் இலை இன்னும் பச்சையாகவே இருக்கும், அதற்குள் கப்பில் இலையுதிர்காலம் வந்துவிடும். எங்க பேங்க் கிளையில் காலை எட்டரைக்கே நாலு பேர் கையில் அந்த ஆரஞ்சு வாசனை.

இது ஏதோ வந்து போகிற மோகம் என்று சொல்ல முடியாது. ஸ்டார்பக்ஸ் 2003ல் வான்கூவரிலும் வாஷிங்டனிலும் சில கடைகளில் மட்டும் இதைப் போட்டுப் பார்த்தார்கள். இருபது வருஷம் தாண்டியாச்சு, இன்னும் க்யூ குறையவில்லை.

நான் பி.காம் படித்தவன். லோன் ஃபைல் பார்த்துப் பிழைப்பவன். யார் எதை நீட்டினாலும் "சரக்கு எங்கே?" என்றுதான் முதலில் தேடுவேன். இந்தக் காப்பியில் தேடினால் வேடிக்கையாக இருக்கிறது. 2003ல் இருந்து 2015 வரைக்கும் அதில் பூசணிக்காயே கிடையாது! 2015ல்தான் கொஞ்சம் சேர்த்தார்கள். சரி, வாசனை எங்கிருந்து? பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், இஞ்சி. பூசணிக்காய் பையில் போடுகிற மசாலா அது. 1934லேயே மெக்கார்மிக் கம்பெனி அதை ஒன்றாக அரைத்து டப்பாவில் விற்க ஆரம்பித்துவிட்டது. நம்ம வீட்டு பிரியாணி டப்பாவைத் திறந்தால் வருகிற வாசனையில் பாதி. (என் மனைவி இதைச் சொல்லித்தான் அந்தக் காப்பியைத் தொட மாட்டேன் என்கிறாள். "மட்டனைப் போட்டா முடிஞ்சது வேலை" என்பாள்.)

பொருள் இல்லாமல் பேருக்கு மட்டும் காசு வந்தால் அதற்கு எங்க கணக்குப் புத்தகத்தில் குட்வில் என்று பேர். கையில் தொட முடியாது, ஆனால் பேலன்ஸ் ஷீட்டில் சொத்துப் பக்கம் உட்கார்ந்திருக்கும்.

ஆபீஸில் மற்றவர்கள் இதைச் சொல்லிச் சிரிக்கும்போது எனக்குச் சிரிக்க வாய் வராதுங்க. ஏனென்றால் நான் கோலார் தங்கவயல்காரன். 1880ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். அன்றிலிருந்து தங்கம் தோண்டாத தங்கவயல். பேர் மட்டும் அப்படியே இருக்கிறது. 2018லும் 2022லும் ஊர் பேரிலேயே இரண்டு படம் வந்ததா, இப்போது இங்கே இருக்கிற பஞ்சாபிப் பையன்களுக்குக்கூட எங்க ஊர் தெரியும். "அண்ணே, வீட்டுல தங்கம் இருக்கா?" என்கிறான் ஒருத்தன். சயனைடு மேட்டு மண் காத்தடிச்சா வீட்டுக்குள்ள வரும், அது வேணும்னா இருக்கு என்றேன்.

பூசணிக்காய்க்கு வருகிறேன். வட ஆற்காட்டில் இருந்து போன குடும்பம் எங்களுடையது. எங்க வீட்டில் பூசணிக்காய் என்றால் மஞ்சள்தான். தஞ்சாவூர்ப் பக்கத்து நண்பர்களுக்கு அது பரங்கிக்காய். பக்கத்து லைனில் தெலுங்கு பேசுகிறவர்கள் கும்மடிகாய என்பார்கள், கன்னட வாத்தியார் சிஹிகும்பளகாய் என்பார். வெள்ளைப் பூசணி வேறு கணக்கு. அது ஆயுத பூஜைக்கு நடுவில் குடைந்து குங்குமமும் சில்லறையும் போட்டு உடைக்க. உடைத்த மறுநாள் ரோட்டில் சைக்கிள் வழுக்காதவன் எங்க ஊர்க்காரனே இல்லை :-) இங்கே ஸ்கார்பரோவில் இலங்கைத் தமிழர் கடையில் அதை நீற்றுப்பூசணி என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கேட்கவே அழகாக இருக்கிறது.

முழு மஞ்சள் பூசணி வாங்குகிற வசதி எங்களுக்கு இல்லை. ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் கீத்துப் போட்டு விற்பார்கள். அம்மா கீத்தைத் தேர்ந்தெடுப்பதே விதையைப் பார்த்துத்தான். சதை கொஞ்சம் மெலிந்திருந்தாலும் பரவாயில்லை, விதை கொத்தாக ஒட்டியிருக்க வேண்டும். சதை சாம்பாருக்கும் பொரியலுக்கும் போகும். விதையைச் சாம்பல் போட்டுத் தேய்த்து வழவழப்பு போகக் கழுவி, முறத்தில் பரப்பி, தகரக் கூரைமேல் ஏற்றிவிடுவாள். ஐப்பசி மழையில் தினமும் இரண்டு தடவை முறம் ஏறி இறங்கும். காய்ந்ததும் வெறும் வாணலியில் வறுப்பாள். பட் பட்டென்று சத்தம் கேட்டால் நானும் தம்பியும் அடுப்படியில்.

அதில் முதல் பங்கு எங்க நைனாவுக்கு. சுரங்கத்துக்குள் இருபத்தெட்டு வருஷம் இறங்கினவர். தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது. கடைசி வருஷங்களில் இருமல் வந்தால் விதையைப் பல்லில் வைத்து உடைக்க முடியாது. அம்மா எதிரே உட்கார்ந்து ஒவ்வொன்றாக உரித்து டம்ளர் மூடியில் போட்டுக்கொண்டே இருப்பாள். மூடி நிறையவே நிறையாது, அவர் எடுத்துக்கொண்டே இருப்பார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டார்கள். 2009ல் அவர் போய்விட்டார்.

சதையைவிட விதைக்குத்தான் மூத்த உரிமை என்று பிறகு படித்தேன். மெக்சிகோவில் வாஹாக்கா என்ற இடத்தில், கிலா நகிட்ஸ் குகையில் கிடைத்த பூசணி விதைகளுக்குச் சுமார் 10,000 வயசு. காட்டுப் பூசணியின் சதை வாயில் வைக்க முடியாத கசப்பு. அதனால் மனுஷன் முதலில் சாப்பிட்டது விதையைத்தான் இருக்கும் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். இன்னொன்று, இங்கே டின்னில் அடைத்து பைக்கு விற்கிற பூசணி பெரும்பாலும் நம்ம ஊர் மஞ்சள் பூசணியின் இனமேதான். ஹாலோவீனுக்கு முகம் வெட்டுகிற காய் வேறு இனம், நார் நாராக, தண்ணியாக இருக்கும். ஆனால் அதன் விதை அருமை.

அதைக் கண்டுபிடித்தது அம்மா. போன வருஷம் அக்டோபரில் வந்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்து பிள்ளைகளோடு காயைக் குடைந்து, உள்ளே இருந்ததை எல்லாம் பச்சைக் குப்பைத் தொட்டியில் போடுகிறார். அம்மாவுக்குத் தாங்கவில்லை.

"இன்னாடா இது, தின்றத கொட்டிட்டு தோலை வச்சி வெளக்கு ஏத்துறாங்க?"

போய்க் கேளுடா என்று என்னைத் தள்ளினாள். அவர் ஒரு வாளி நிறையக் கொடுத்தார், அடுத்த நாள் அவர் தங்கை வீட்டில் இருந்து இன்னொரு வாளி. வெயில் இல்லாத ஊர், அவனில் குறைந்த சூட்டில் காயவைத்தோம். சாம்பலுக்குப் பதில் கல்லுப்பு.

கடையில் தோல் நீக்கிய பச்சைப் பருப்பு கிலோ கணக்கில் கிடைக்கிறது. வாங்கிக் காட்டினேன். ஒன்றை வாயில் போட்டுப் பார்த்து, "உரிச்சி வச்சதுல இன்னா இருக்குது?" என்று பாக்கெட்டைத் தள்ளிவிட்டாள். என் மகளுக்குத் தமிழ் பாதிதான் வரும், ஆயாவுக்கு இங்கிலீஷ் சுத்தமாக வராது. இரண்டு பேரும் சோபாவில் உட்கார்ந்து ஒன்று உரிப்பதும் ஒன்று தின்பதுமாக இரண்டு மணி நேரம். சனிக்கிழமை மத்தியானம் ஒரு கையில் பூசணிக்காய் லாட்டே, ஒரு கையில் ஆயா உரித்த விதை. மகளுக்கு அதில் எந்த முரணும் தெரியவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

அம்மாவுக்கு எடுத்தது சூப்பர் விசா. ஒரு தடவை வந்தால் ஐந்து வருஷம் வரை இருக்கலாம். அறுபது மாசத்தில் இரண்டு மாசம்தான் இருந்தாள். தம்பி பெங்களூரில் இருக்கிறான், அவனோடும் இருக்க மாட்டாள். தங்கவயல் வீட்டில் தனியாக, எழுபத்தி மூணு வயசில். இருந்துவிடேன் என்று ஏர்போர்ட் வரைக்கும் கேட்டேன். "அங்க யாருடா வெளக்கு வைக்கிறது?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இந்த அக்டோபரில் பக்கத்து வீட்டுக்காரர் கேட்காமலே வாளியைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். உரிக்க ஆள் இல்லை. நான் உட்கார்ந்தேன். பத்து விதைக்கு மூன்று உடைந்து போகிறது. மகள் வீடியோ கால் போட்டுக் காட்டினாள். அங்கே ராத்திரி பதினொரு மணி, அம்மா தூங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கூர் மொனையில கடிடா, நடுவுல கடிக்காதே" என்றாள்.