குதிரைக்குத் தெரியாத சட்டம்

வியன்னாவில் உள்ள ஸ்பானியக் குதிரையேற்றப் பள்ளியின் வீடியோ ஒன்றை முதன்முதல் பார்த்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சரவிளக்குகள் தொங்கும் பெரிய வெள்ளை மண்டபம். வெள்ளைக் குதிரைகளில் வருகிறவர்கள், சுவரில் இருக்கும் ஆறாம் சார்ள்ஸ் பேரரசரின் படத்துக்குத் தொப்பியைக் கழற்றி வணக்கம் வைக்கிறார்கள். 1729க்கும் 1735க்கும் இடையில் அந்த மண்டபத்தைக் கட்டுவித்தவர் அவர். பேரரசு 1918இலேயே முடிஞ்சுது. வணக்கம் இன்னும் முடியேல்லை!

பிறகு தேடி வாசித்தேன். புதிதாகச் சேரும் மாணவருக்கு முதலில் கடிவாள வாரும் இல்லை, கால் வைக்க வளையமும் இல்லை. நீளக் கயிற்றில் வட்டமாக ஓடும் குதிரையின் முதுகில் சமநிலை பிடித்து இருக்கப் பழக வேண்டும். அந்தக் குதிரை, எல்லாம் தெரிந்த மூத்த குதிரை. அதுதான் பிள்ளைக்குப் படிப்பிக்கிறது. வருசக்கணக்காகப் பழகிய பிறகுதான் அந்தப் பிள்ளை ஓர் இளங்குதிரைக்குப் படிப்பிக்கலாம். லிப்பிசானர் குட்டிகள் பிறக்கும்போது கறுப்பாகவோ மண்ணிறமாகவோ இருக்கும். வெள்ளையாவதற்கே பல வருசம் எடுக்கும். அங்கே எதற்கும் அவசரமில்லை. உடம்பிலிருந்து உடம்புக்குப் போகும் இந்த அறிவை 2015இல் யுனெஸ்கோ தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

இதையெல்லாம் வாசித்து நெகிழ்ந்துபோய் இருக்கும்போதுதான் இன்னொரு ஆண்டு கண்ணில் பட்டது: 2008. அந்த வருசம்தான் முதன்முதலாக இரண்டு பெண்களை மாணவிகளாக எடுத்திருக்கிறார்கள். பள்ளியின் கதையோ 1565இல் தொடங்குகிறது. நானூறு வருசத்துக்கு மேல ஒருத்தியும் இல்லை.

பத்து வயதில் மிருதங்கம் பழகக் கேட்டபோது மாமா சொன்னது ஞாபகம் வந்தது. "பொம்பிளைப் பிள்ளையளுக்கு வீணை இருக்கு, வயலின் இருக்கு. பரம்பரையா அப்பிடித்தானே?"

பரம்பரை எண்டால் எது? மூத்த குதிரையிடம் பொறுமையாகப் பழகுவது பரம்பரை. அதை விட்டால் அந்தக் கலையே இல்லை. பெண்களை வாசலில் மறிப்பதையும் அதே பெயரில்தான் வைத்திருந்தார்கள். அதை விட்ட பிறகும் குதிரைகள் அப்படியேதான் ஆடுகின்றன. முதுகில் இருக்கிற ஆளின் பாரமும் சமநிலையும்தான் குதிரைக்குத் தெரியும்.

மாமாவிடம் இப்ப ஒண்டு கேக்கோணும் போல இருக்கு: தன்னில் படுவது ஆற்ற கை எண்டு மிருதங்கத்துக்குத் தெரியுமோ?