கட்டியவருக்கு அழைப்பில்லை

எங்கள் குடியிருப்பில் 18 வீடுகள். வங்கியில் கணக்கு பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் சங்கத்தின் பொருளாளர் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பேத்தி கற்றுக்கொடுத்த பைத்தானை வைத்து, பராமரிப்புக் கட்டணத்துக்கு ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன்.

அதில் ஒரு ஃபங்ஷன். வீட்டுப் பட்டியலை வாங்கிக்கொண்டு, பணம் கட்டியவர்களை நீக்கி, பாக்கிக்காரர்களை மட்டும் அச்சிடும். எழுதுமுன் சோதித்தும் பார்த்தேன். ஓர் எண்ணை உள்ளே அனுப்பி 100 கூட்டினேன்; வெளியே பழைய எண்தான் இருந்தது. சரி, உள்ளே நடப்பது வெளியே வராது என்று முடிவு கட்டிவிட்டேன். அந்தக் காலத்தில் அட்டையில் துளையிட்டுப் படித்த ஃபோர்ட்ரானில் சப்ரூட்டினுக்குள் மாற்றினால் வெளியிலும் மாறிவிடும். இது எவ்வளவு நாகரிகமான மொழி என்று மெச்சிக்கொண்டேன்.

பாக்கிப் பட்டியல் ஒழுங்காகவே வந்தது. அடுத்து, அதே வீட்டுப் பட்டியலைக் கொண்டு பொதுக்குழு அழைப்புச் சீட்டுகளை அச்சிட்டு, எண்ணிப் பார்க்காமல் வாட்ச்மேனிடம் கொடுத்தேன். 7 வீட்டுக்குத்தான் போயிருக்கிறது. ஏழும் பாக்கி வைத்தவர்கள்! மாதம் 1ஆம் தேதியே கட்டிவிடும் மூன்றாம் மாடி நண்பருக்கு இல்லை. மறுநாள் முதல் அவர் என்னோடு நடைப்பயிற்சிக்கு வரவில்லை.

பேத்தி திரையைப் பார்த்துச் சிரித்தாள். "தாத்தா, நம்பரை மாத்தவே முடியாது. கூட்டினா புதுசா ஒரு நம்பர் வரும், உள்ளே இருக்கிற வேரியபிள் அதைப் பிடிச்சுக்கும். வெளியே இருக்கிறது பழசையேதான் பிடிச்சிருக்கும். லிஸ்ட் அப்படி இல்ல. ஒரே லிஸ்ட்டை ரெண்டு இடத்துலேர்ந்து பிடிச்சிருக்கீங்க. உள்ளே ரிமூவ் பண்ணா வெளியேயும் போயிடும்."

பேரேட்டையே தூக்கிக் கொடுத்துவிட்டு, ஜெராக்ஸ் கொடுத்ததாக நினைத்திருக்கிறேன். வங்கியில் எந்த கிளார்க்காவது இப்படிச் செய்திருந்தால் விட்டிருப்பேனா?

காப்பி எடுத்து அனுப்பினால் போதாதா என்றேன். நீக்குவதற்குப் போதுமாம். ஆனால் என் பட்டியலில் ஒவ்வொரு வீடும் ஒரு குட்டிப் பட்டியல். வெளிப்பட்டியலை மட்டும் காப்பி எடுத்தால் குட்டிகள் பழையவையே. பாக்கித் தொகையை உள்ளே திருத்தினால் மூலத்திலும் மாறிவிடும். இப்போது என் ஃபங்ஷன் எதையும் நீக்குவதில்லை, திருத்துவதில்லை. பாக்கிக்காரர்களைப் புதிய பட்டியலில் சேர்த்துத் திருப்பி அனுப்புகிறது, அவ்வளவுதான்.

நண்பரிடம் இதையெல்லாம் விளக்கப் போனேன். பாதியிலேயே நிறுத்தி, "சார், ஒரு சீட்டைக் கையால எழுதிக் குடுங்க, போதும்" என்றார். எழுதிக் கொடுத்தேன். பொதுக்குழுவுக்கு வந்தார். நடைப்பயிற்சிக்கு இன்னும் வரவில்லை.