எடைக்கு மேல் 25 லிட்டர்

கனத்த உடம்புக்காரர்கள் கடலில் இறங்க ஆசைப்பட்டால் கரையில் முதலில் கிடைக்கும் யோசனை, ‘பெரிய போர்டா எடுத்துக்குங்க’ என்பதுதான். நின்றபடியே துடுப்புப் போட்டுப் போய், அலை வந்ததும் அதில் ஏறிச் சறுக்கும் ‘சப்’ விளையாட்டில் இதை இன்னும் அழுத்திச் சொல்வார்கள். பத்தரை அடி நீளம், 32 அங்குல அகலம், 180 லிட்டர் கொள்ளளவு. ஏறி நின்றால் திண்ணைபோல் இருக்கும். கற்றுக்கொள்ள அதைவிட நல்ல துணை கிடையாது. என் எடை 104 கிலோ. சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளத்தில் நானும் அப்படியொரு போர்டில்தான் நிற்கப் பழகினேன்.

பழகி முடித்த பிறகும் அதே யோசனை தொடர்வதுதான் எனக்கு ஒப்பவில்லை. ஒல்லியான ஒருவர் தடுமாறாமல் நிற்க ஆரம்பித்ததும், ‘அடுத்து சின்ன போர்டுக்கு மாறிடுங்க’ என்கிறார்கள். கனத்தவரிடம் அதைச் சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை. அவர் விழாமல் நின்றாலே பெரிய விஷயம் என்று விட்டுவிடுகிறார்கள். அலைமேல் ஏறியவருக்கு நேராகக் கரைக்கு வந்து சேர்வதில் அதிக நேரம் சந்தோஷம் நிலைக்காது. அலையின் முகத்தில் இறங்கி, அடியில் ஒரு வளைவு எடுத்து, மறுபடி மேலே ஏறித் திரும்ப வேண்டும். பத்தரை அடி போர்டைத் திருப்பவே நேரம் பிடிக்கிறது. காற்று கிளப்பிவிடும் வங்கக் கடல் அலை முகம் செங்குத்தாகவும் இடம் குறுகலாகவும் வரும் நாளில், நீளமான மூக்கு அலையின் அடியில் குத்தி நின்றுவிடும். எடை கூடியவருக்கும் இந்தத் திருப்பம் கிடைக்க வேண்டும். அதற்குச் சின்ன போர்டு வேண்டும். எவ்வளவு சின்னது என்பதுதான் கேள்வி.

முதலில் லிட்டர் கணக்கு. கடல் நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 1.025 கிலோ. நான் 104 கிலோ, போர்டு 8 கிலோ, துடுப்பு, நனைந்த துணி, கணுக்காலில் கட்டும் லீஷ் எல்லாம் சேர்ந்து 2 கிலோ என்று வைத்தால் மொத்தம் 114. இதைத் தாங்குவதற்கே 111 லிட்டர் போய்விடுகிறது. போர்டில் அதற்கு மேல் எவ்வளவு இருக்கிறதோ அதுதான் கைச்சேமிப்பு. 180 லிட்டர் போர்டில் 69 லிட்டர் மிச்சம். நான் கண்வைத்த 8 அடி 10 அங்குல போர்டு 136 லிட்டர். மிச்சம் 25. அதே போர்டில் 70 கிலோ ஆள் ஏறினால் அவருக்கு மிச்சம் 58 லிட்டர். ஒரே போர்டு, ஒரே கடல், ஆனால் இருவர் கால்களுக்கும் அது வேறு வேறு பொருள். ‘எனக்கு இது நல்லா நிக்குது’ என்று இன்னொருவர் சொல்வதை நம்பி வாங்கக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

கடலே கொஞ்சம் மாறுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். வடகிழக்குப் பருவமழையை ஒட்டி, வடக்கிலிருந்து தெற்கே ஓடும் நீரோட்டம், நம் மீனவர்கள் வன்னி என்பது, ஆற்று நீர் கலந்த உப்புக் குறைந்த தண்ணீரை இந்தக் கரையோரமாகக் கொண்டுவருகிறது. அப்போது கணக்கில் ஒரு லிட்டர் அளவுக்குத்தான் வித்தியாசம் வரும். 69 லிட்டர் கையில் இருப்பவர் அதைப் பொருட்படுத்த மாட்டார்.

ஆனால் லிட்டரை மட்டும் பார்த்து வாங்குவது பாதிக் கிணறு தாண்டுவதுதான். போர்டு ஒரு பக்கம் சாயும்போது அதை நிமிர்த்தும் விசை, நீர்மட்டத்தில் போர்டு எவ்வளவு இடத்தைப் பரப்பிப் பிடித்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதில் நிற்பவரின் எடைக்குப் பங்கே இல்லை. கவிழ்க்கும் விசையிலோ எடையும் உடம்பின் உயரமும் நேராக வந்து சேர்கின்றன. அதனால்தான் ஒரே போர்டில் உயரமும் கனமுமான ஆளின் கால்கள் அதிகம் நடுங்குகின்றன. அவருடைய திறமைக் குறைவு என்று இதைச் சொல்வது நியாயமல்ல. கனத்தவருக்கு இன்னொரு பங்கமும் உண்டு. மிச்சம் குறைவாக இருந்தால், கொஞ்சம் சாய்ந்ததுமே போர்டின் விளிம்பு தண்ணீருக்குள் போய்விடும். விளிம்பு முங்கினால் நீர்மட்டத்தில் பரப்பிப் பிடித்த இடம் சட்டென்று சுருங்கும். நிமிர்த்தும் விசை தேவைப்படும் அந்தக் கணத்தில்தான் அது விட்டுப்போகிறது. 25 லிட்டர் மிச்சம் என்பது மிதப்பதற்காக அல்ல, அந்த விளிம்பை நீருக்கு மேலே வைத்திருப்பதற்காக.

இங்கே நீளமும் அகலமும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. பக்கவாட்டு நிலைப்பில் நீளம் ஒரு மடங்காகத்தான் கணக்கில் சேர்கிறது. அகலம் மும்மடியாக (அகலம் × அகலம் × அகலம்) சேர்கிறது. வடிவம் ஒன்றே என்று வைத்துக்கொண்டால், பத்தரை அடியிலிருந்து 8 அடி 10 அங்குலத்துக்கு இறங்கும்போது, அதாவது 20 அங்குலத்தை வெட்டும்போது, பக்கவாட்டு நிமிர்வில் 16 சதவீதம் போகிறது. நீளத்தைத் தொடாமல் அகலத்தை 32லிருந்து 30 ஆக்கினாலோ, அந்த 2 அங்குலத்துக்கே 18 சதவீதம் போய்விடுகிறது. நான் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது இன்னொரு முறை போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. கனத்தவர் சின்ன போர்டுக்குப் போவதென்றால் நீளத்தில் கை வைக்க வேண்டும், அகலத்தை விட்டுவிட வேண்டும். வாலும் கூர்ந்து போகாமல் அகலமாக இருக்க வேண்டும். மேல்தளம் நடுவில் மேடாக வழிந்து விளிம்பு மெலிந்த போர்டைவிட, தட்டையாக விளிம்புவரை தடிமன் கொண்டுபோன போர்டு நல்லது. நிற்கும் இடத்தைக் கொஞ்சம் குழிவாக்கிய போர்டு கிடைத்தால் இன்னும் நல்லது, கால் தண்ணீருக்கு அவ்வளவு பக்கத்தில் இறங்கும்.

நீளத்தைக் குறைத்ததற்கான விலை முன்பின்னாக ஆடுவதில் வந்து சேர்கிறது. அந்தத் திசையில் நீளம்தான் மும்மடி. அதே 20 அங்குலத்துக்கு முன்பின் நிலைப்பில் 40 சதவீதம் போகிறது. பெரிய போர்டில் அங்கே இங்கே ஓரடி நகர்ந்து நிற்கலாம். சின்னதில் பாதம் உள்ளங்கை அகலம் பின்னால் போனாலே வால் முங்கி மூக்கு எழும்பிவிடுகிறது. அலையைப் பிடிக்கப் போகிறவர்கள் பதற்றத்தில் முன்கூட்டியே ஒரு காலைப் பின்னால் வைப்பார்கள். இலேசான ஆளுக்கு அது ஓடிவிடும். நூறு கிலோவுக்கு மேல் இருப்பவருக்கு அந்த ஒரு காலே நங்கூரம். அலை கீழே வந்து போர்டு சறுக்கத் தொடங்கியது காலுக்குத் தெரிந்த பிறகுதான் பின்கால் நகர வேண்டும். இதை மட்டும் பழக எனக்கு ஒரு பருவம் முழுக்கப் போயிற்று.

பெரிய போர்டிலிருந்து தொடங்குவது இந்த விளையாட்டின் வரலாறும்கூட. 1990களின் நடுவில் ஹவாயின் மாவி தீவில் லேர்ட் ஹாமில்டனும் டேவ் கலாமாவும் பெரிய போர்டுகளின் மேல் நின்று துடுப்புப் போட்டுப் பார்த்தார்கள். ஹாமில்டன் ஆறடி மூன்று அங்குல உயரமும் அதற்கேற்ற உடம்பும் கொண்டவர். ஓவாஹு தீவின் மகாஹாவில் நடக்கும் பஃபலோ கியாவ்லானாவின் பெரிய போர்டுப் போட்டியில் 2003இல் துடுப்போடு நிற்பவர்களுக்கும் ஒரு பிரிவு சேர்ந்தது. அதன்பின் வந்த ஆண்டுகளில், அலைக்கென்றே செய்யும் போர்டுகள் 12 அடியிலிருந்து 10, 9 என்று சுருங்கி, 8 அடிக்கும் கீழே வந்துவிட்டன. நீளத்தைக் குறைத்து அகலத்தை விட்டுவைத்த குட்டையான, பருத்த போர்டுகள் அந்த வரிசையில் பிறந்தவைதான். எங்களைப் போன்றவர்களுக்குக் கதவு திறந்தது அங்கே.

8 அடி 10 அங்குல போர்டு கைக்கு வந்த காலையில் கோவளத்துக் கடல் பளபளவென்று கிடந்தது. நிலத்துக் காற்று இன்னும் ஓயவில்லை. இங்கே கடற்காற்று எழும்பித் தண்ணீரைக் கலக்குவதற்கு முன்னால் கிடைக்கும் அந்த இரண்டு மூன்று மணி நேரம்தான் சின்ன போர்டுக்காரருக்கு நேரம். முட்டிபோட்டுக் கொஞ்ச தூரம் போய் எழுந்து நின்றேன். நிற்கும் இடத்தில் ஒட்டியிருந்த நுரை விரிப்பின் மேல் ஒரு மெல்லிய நீர்ப்படலம் இடமிருந்து வலமாக வழிந்து, என் கட்டைவிரலைச் சுற்றிக்கொண்டு போனது. பெரிய போர்டில் என் கால் நனைந்ததில்லை. விளிம்பு ஒவ்வொரு சின்ன அலைக்கும் முங்கி எழுந்தது, கணுக்கால் இரண்டும் அதற்குத் தக்கபடி ஓயாமல் வேலை செய்தன. பக்கத்தில் வந்துகொண்டிருந்த தம்பி, அங்குள்ள மீனவர் குப்பத்தில் பிறந்து சர்ஃபிங் சொல்லித்தருகிறவர், என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அண்ணா, சும்மா நின்னுகினு இருந்தா ஆடத்தான் செய்யும். துடுப்பப் போட்டுகினே இருங்க.”

போட்டேன். நாலு துடுப்பில் போர்டு கொஞ்சம் மேலேறியது காலில் தெரிந்தது. ஓடும் தண்ணீர் அடிப்பரப்பைத் தாங்கிக்கொள்கிறது. துடுப்பின் அலகு தண்ணீருக்குள் இருக்கும் நேரமெல்லாம் அது மூன்றாவது கால். லிட்டர் கணக்கு அசையாமல் நிற்பவருக்கு எழுதியது. நகர்கிறவருக்குக் கைச்சேமிப்பு கூடிக்கொண்டே போகிறது. ஆகவே சின்ன போர்டில் அலைக்காகக் காத்திருப்பதும் வேறு விதம். ஒரே இடத்தில் நின்று அடிவானத்தைப் பார்க்க முடியாது. சின்னச் சின்ன வட்டமாகப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். களைத்தால் முட்டிபோட்டோ உட்கார்ந்தோ இருக்கலாம், அதில் குறைவு ஒன்றும் இல்லை. நின்றே காத்திருக்க வேண்டும் என்று வீம்பு பிடிக்கிறவர்கள் அலை வருவதற்குள் தொடையின் வலுவைச் செலவழித்துவிடுகிறார்கள்.

கால் நனையாமல் நிற்பதுதான் நிலைப்பு என்ற எண்ணம் இந்தக் கரையில் வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளும் இருந்ததில்லை. கட்டுமரத்தில் போனவர்கள் தண்ணீருக்குள்ளேயேதான் போனார்கள். மரங்களின் இடுக்கு வழியாக நீர் மேலே வரும், அலை முழங்காலைக் கழுவிக்கொண்டு போகும், துடுப்பு ஓயாது. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகக் காயவைப்பார்கள். ஊறிய மரம் மிதப்பை இழக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். நான் லிட்டரில் எழுதிப் பார்ப்பதை அவர்கள் மரத்தைத் தூக்கிப் பார்த்தே சொல்லியிருப்பார்கள். இப்போது கோவளத்துக் கரையில் ஃபைபர் படகுகள்தான் நிறைய நிற்கின்றன. அந்தத் தம்பியின் கணுக்கால் என் கணுக்காலைவிட அமைதியாக இருப்பதற்கு வயது மட்டும் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை.

அலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாறை முனையைச் சுற்றி வலப்பக்கமாக உடைந்துவரும் இடுப்பளவு அலை ஒன்று. ஐந்தாறு துடுப்பு, கால் நகராமல். போர்டு சரிந்தது, பின்கால் போயிற்று, அலையின் அடிக்கு வந்ததும் வலது விளிம்பில் உடம்பைச் சாய்த்தேன். பெரிய போர்டில் இந்த இடத்தில் சாய்வைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். மிதப்பு அதிகமான தடித்த விளிம்பு தண்ணீரில் இறங்க மறுக்கும். இதிலோ விளிம்பு உடனே இறங்கிப் பிடித்தது. பிடித்த இடத்திலிருந்து போர்டு கிளம்பி மேலே ஏறியது. 104 கிலோவும் விளிம்பில் இறங்கி வேலை செய்ததை அன்றுதான் உணர்ந்தேன். நின்றுகொண்டிருக்கையில் பாரமாக இருந்த அதே எடை, திருப்பத்தில் அலையைக் கொத்திப் பிடிக்கும் பலமாக இருந்தது. கனத்தவர்கள் சின்ன போர்டில் திரும்பும்போது தெறிக்கும் தண்ணீரைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

எவ்வளவு கீழே இறங்கலாம் என்று என்னைவிடக் கனமானவர்கள் கேட்டால் நான் சொல்வது இதுதான். உங்கள் எடையோடு பத்து கிலோ சேர்த்து 1.025ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் 40 லிட்டர் மிச்சம் இருக்கிற போர்டில் தடுமாறாமல் திரும்பப் பழகிய பிறகு 25க்குப் போங்கள். ஒரே தாவலாக வேண்டாம். புதிதாக ஒன்றை முயல அமைதியான காலை நேரம் பாருங்கள். துடுப்பையும் இரண்டு அங்குலம் குறைத்துப் பாருங்கள், குனிந்து நிற்பது தானாக வரும். லீஷ் தடிமனானதாக இருக்கட்டும். நம் எடையும் அலையும் எதிரெதிராக இழுக்கும்போது மெல்லியது அறுந்துவிடும், போர்டு பின்னால் வருகிறவர்மேல் போய் விழும். விற்கிறவர் 29 அங்குல அகலத்தில் அழகான ஒன்றைக் காட்டி, ‘பழகிடும்’ என்றால் நம்ப வேண்டாம். கணுக்கால் பழகும், மும்மடிக் கணக்கு பழகாது.

பத்தரை அடி போர்டை நான் விற்கவில்லை. கடற்காற்று எழுந்த பிறகும், அலையே இல்லாத நாளிலும் அதில்தான் போகிறேன். வீட்டுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகவும் அதுதான் சரி. அடுத்த தென்மேற்குப் பருவத்தில் 8 அடி 4 அங்குலத்தில் ஒன்றை இரவல் வாங்கிப் பார்க்க நினைத்திருக்கிறேன். கொள்ளளவு 130 லிட்டருக்குக் குறையக் கூடாது. அகலம் 32தான்.