வாச்சியும் ரெசினும்

ஸ்காட்லாந்தின் வடகோடியில் தர்சோ என்றொரு ஊர். அங்கே வேலைக்குப் போயிருக்கும் அக்கா மகன் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தான். "மாமா, கோவளத்துல சர்ஃப் போர்டுக்கு ஒட்டுப் போடுவாரே அந்த அண்ணன், அவர்கிட்ட கேட்டுச் சொல்லுங்க. வேகமா ஓடணும், லூஸா திரும்பணும், தண்ணி ஐஸ் மாதிரி இருக்கு. எதை வாங்கறது?"

நான் திருப்பாச்சூர்க்காரன். கடலோடு எனக்குக் காணும் பொங்கல் உறவுதான். ஆனால் கோவளத்தில் அந்தக் கொட்டகைக்குள் நுழைந்ததுமே பழக்கமான நெடி: ரெசின். இளவயதில் காக்களூர் தொழிற்பேட்டையில் ஃபைபர் தொட்டி செய்யும் பட்டறை ஒன்றில் இரண்டு வருடம் இருந்தவன் நான். கண்ணாடி நார் ஏறிய கையை ராத்திரியெல்லாம் சொறிந்தது மறக்குமா?

அண்ணனின் அப்பா கட்டுமரம் செதுக்கியவர். 2004 சுனாமிக்குப் பிறகு கரையெங்கும் ஃபைபர் படகுகள் பெருகியபோது மகன் ரெசின் பிரஷ்ஷுக்கு மாறிவிட்டார். 2012-இல் மூர்த்தி மேகவன் இங்கே அலைச்சறுக்குப் பள்ளி தொடங்கியதிலிருந்து அடிபட்ட போர்டுகளும் இவரிடம் வந்து சேர்கின்றன. "படகுக்கு முரட்டு மேட்டு, இதுக்கு மெல்லிசு துணி. அவ்ளோதான் சார்" என்றார். அவ்வளவுதான் இல்லை. ஈரம் குடித்த ஃபோமை அறுத்தெடுத்து, வெயிலில் காயவைத்து, பள்ளத்தை நிரப்பி, துணி ஒட்டி, விரல் நகம்கூடத் தட்டாதபடி தேய்க்கிறார். தெர்மோகோல் போர்டா, மற்ற ஃபோமா என்று பார்த்த பிறகே டப்பாவைத் திறக்கிறார். தெர்மோகோல்மீது பாலியஸ்டர் ரெசின் பட்டால் கரைந்து குழியாகிவிடும், அதற்கு எபாக்ஸிதான்.

கேள்வியைச் சொன்னேன். கப்பில் ரெசினை ஊற்றி ஹார்ட்னர் சொட்டியபடியே கேட்டார்: "பையன் எவ்ளோ வெயிட்டு?"

"எழுபது இருப்பான்."

"அங்க அதுக்கு மேலன்னு வெச்சிக்கோங்க."

அஞ்சு மில்லிமீட்டர் ரப்பர் உடுப்பு, காலுக்கு பூட்ஸ், கைக்கு உறை. நனைந்ததும் எல்லாம் கனக்கும், தோளும் இறுகும். நம் கடல் 28 டிகிரி. தர்சோவில் குளிர்காலத்தில் 10-க்கும் கீழே. எனவே இங்கே ஓட்டியதைவிடக் கனஅளவு இரண்டு மூன்று லிட்டர் கூடுதலாக இருக்கட்டும் என்றார். அந்தக் கூடுதலை நீளத்தில் கொடுக்காதே, அகலத்தில் கொடு. நீளம் கூடினால் திருப்ப முடியாது.

ஒரு குட்டைப் போர்டைக் கவிழ்த்து அடியைத் தடவிக் காட்டினார். அணியம் அதிகம் தூக்காமல், அடி தட்டையாக, வால் அகன்று மீன்வாலாகப் பிளந்திருந்தது. தட்டையான அடி தண்ணீரைத் தள்ளாது, மேலேயே ஓடும். 1967 வாக்கில் சான் டியாகோவில் ஸ்டீவ் லிஸ் என்ற இளைஞர் முழங்காலிட்டு ஓட்டச் செய்த வடிவம் இது, அடியில் பொருத்தும் ஃபின் இரண்டுதான். 1981-இல் ஆஸ்திரேலியாவின் சைமன் ஆண்டர்சன் மூன்று ஃபின் போர்டில் வென்ற பிறகு உலகமே மூன்றுக்கு மாறியது. மூன்று பிடித்து ஓடும், இரண்டு வழுக்கித் திரும்பும். பையன் கேட்ட லூஸ் அந்த வழுக்கல்தான்.

"பெரிய அலைக்கு இது ஆவாது. வால் பறிஞ்சிடும். அன்னிக்கு வேற போர்டு எடுக்கச் சொல்லுங்க." காற்று கொத்தும் கடலில் தெர்மோகோல் போர்டு தடதடக்கும், கொஞ்சம் கனமான பழைய ஃபோமே மேல் என்பது அவர் கட்சி. எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

ஹவாய்த் தலைவர்களின் நீளப் பலகைகள் விலிவிலி மரத்தில் செய்யப்பட்டவை, அது நம் கல்யாண முருங்கையின் பங்காளி என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சிரித்தார். "லேசு மரம் தண்ணி குடிக்கும் சார். அதான் எங்கப்பா கரையேறுனதும் கயித்த அவுத்து ஒவ்வொரு கட்டையா காய வெப்பாரு."

அப்பா மரம் செதுக்கிய வாச்சி கூரையில் செருகியிருந்தது. எங்கள் ஊர் மூங்கில் காட்டில் வாசி, அதாவது இந்த வாச்சி, பட்டுத்தான் லிங்கம் வெளிப்பட்டது, அதனால்தான் வாசீஸ்வரர் என்ற கதையை ஆரம்பித்தேன். அண்ணன் கேட்கவில்லை. கப்பைக் குலுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். வைகாசி வெயில், நாங்கள் பேசிய நேரத்துக்குள் ரெசின் கல்லாகி, பிரஷ்ஷும் அதற்குள் நட்டுக்கொண்டு நின்றது.

புதுக் கப்பை எடுத்தார். இந்த முறை என் பக்கம் திரும்பவே இல்லை.