குண்டூசிக் கணக்கு

உத்திரமேரூரில் அப்பாவுக்குத் தையல் கடை. கடை கட்டும் நேரத்தில் தரையில் சிந்திய குண்டூசிகளைப் பொறுக்குவது என் உத்தியோகம். சம்பளம், ஒரு கமர்கட். பழைய ரேடியோ ஸ்பீக்கரின் காந்தத்தைத் துணியில் சுற்றி ஒரு இழுப்பு. எல்லாம் வந்து ஒட்டிக்கொள்ளும். காந்தத்தை உருவினால் பொலபொலவென்று டப்பாவில் விழும்.

இப்போது நான் ஒரு மருந்துக் கம்பெனியில் ஸ்டோர்ஸ் கிளார்க். அங்கே பல்லேடியம் ஏற்றிய கரித்தூள் வரும். வினையூக்கி. கல்யாண புரோக்கர் மாதிரி, இரண்டு பேரைச் சேர்த்துவிட்டுத் தான் அப்படியே திரும்பி வரவேண்டும். வந்தால்தானே! ஒரு வருஷக் கடைசியில் கணக்கில் துண்டு விழுந்தது.

"வீட்ல ஏதாச்சும் நகை செய்றீங்களா சார்?" என்றார் மானேஜர், எல்லோர் எதிரிலும்.

மூன்று நாள் தூக்கமில்லை. நாலாம் நாள், வடிகட்டித் துணிகளைச் சோதித்ததில் பெரும்பகுதி அகப்பட்டது. மன்னிப்பு மட்டும் அகப்படவில்லை.

எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி படிக்கும் தங்கை பையனிடம் புலம்பினேன். "இதுக்குத்தான் மாமா தாத்தாவோட காந்தம்!" என்றான்.

மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடை 10, 20 நானோமீட்டர் துகளாக உண்டாக்கி, சிலிக்கா சட்டை போட்டு, அதன்மேல் பல்லேடியத்தை ஒட்டவைக்கிறார்களாம். வேலை முடிந்ததும் குடுவைக்கு வெளியே காந்தம் வைத்தால் தூள் ஓரமாக ஒதுங்கும். திரவத்தைச் சாய்த்துவிட்டு, கழுவி மறுபடி உபயோகிக்கலாம். அவ்வளவு பொடித் துகளில் சொந்தக் காந்தம் தங்காது. அதனால் வெளிக் காந்தத்தை எடுத்ததும் மறுபடி பரவிவிடும். 2011-லேயே விவேக் போல்ஷெட்டிவார் குழுவினர் 'கெமிக்கல் ரிவ்யூஸ்' இதழில் இதைப்பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். மருந்துத் தொழிலில் ஒரு கிலோ சரக்குக்கு 25 முதல் 100 கிலோ வரை கழிவு என்று 1992-ல் ரோஜர் ஷெல்டன் கணக்குப் போட்டாரே, அந்த மலையைக் கொஞ்சம் கரைக்கத்தான் இந்தப் பாடு.

"அப்ப கணக்கு டாலி ஆயிடும்னு சொல்லு!"

"தூள் டாலி ஆகும் மாமா. ஆனா ஒவ்வொரு தடவையும் பல்லேடியம் கொஞ்சம் கழண்டு மருந்துக்குள்ள போயிருக்கலாம். அதைத் தனியா அளந்து பாக்கணும்."

சட்டென்று அப்பா ஞாபகம் வந்தது. அவர் ஊசிகளை எண்ணியதோடு விடமாட்டார்; ஒவ்வொன்றாக முனையையும் பார்ப்பார். முனை உடைந்திருந்தால், அது யாரோ ஒருத்தர் சட்டையில் இருக்கிறது என்று அர்த்தம். அன்று தைத்த துணி அத்தனையையும் தடவிப் பார்த்த பிறகுதான் வீடு.

எங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பேரைக் குடத்தில் போடக்கூடாது என்கிறது. வினையூக்கிக்கும் அதே சட்டம்தான். கணக்குக் காட்டிவிட்டு அடுத்த ரவுண்டுக்குப் போகட்டும்.

மானேஜர்களுக்கும் அப்படி ஒரு குடம் வைத்தால் தேவலை.