பார்த்துக்கொண்டு நிற்கிறவள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பொங்கலுக்கும் வராமல் இருந்துவிட்டாய். உனக்கென்று எடுத்து வைத்த அதிரசத்தை உன் மாமா தீர்த்துவிட்டார். அவரிடமே கேட்டுக்கொள்.

காணும் பொங்கல் அன்று நம் பனமலைக்கு ஒரு கூட்டம் வந்தது. விழுப்புரம், புதுச்சேரி ஆட்கள். மரபு நடையாம். 2025இல் செஞ்சிக் கோட்டையை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்களே, அதிலிருந்து இந்தப் பக்கமெல்லாம் ஒரே பேச்சு. "நம்ம மலையை நமக்கே காட்டப் போறாங்களா?" என்று மாமா கிண்டல் செய்தார். நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர்களோடு ஏறிவிட்டேன். முட்டி வலியைச் சொல்லித் திட்டாதே, உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறினேன்.

அழைத்துப் போனவர் ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார். கோயில் ராஜசிம்ம பல்லவன் கட்டியது, 8ஆம் நூற்றாண்டின் தொடக்கம் என்றார். காஞ்சி கைலாசநாதரும் மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலும் அவன் வேலைதானாம். குகையில் வெட்டியிருக்கிற ஒரே ஒரு வடமொழிச் செய்யுள் கைலாசநாதர் கோயில் கல்வெட்டிலும் இருக்கிறதாம். நாமோ விளக்கேற்றுவோம், ஏரிக்காற்று வாங்குவோம், இறங்கிவிடுவோம். தாளகிரீஸ்வரர் விமானத்தை என்றைக்காவது நின்று பார்த்திருக்கிறோமா?

அதை விடு. விமானத்தை ஒட்டிய சிறு சன்னதியில் அந்தப் பார்வதி இருக்கிறாளே, அவளைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். கல்மேல் காரை பூசித் தீட்டிய ஓவியம். தலையில் கிரீடம், மேலே குடை, ஒரு காலை மடித்து ஒயிலாக நிற்கிறாள். எதிரே சிவன் ஆடுகிறார், அதைத்தான் பார்க்கிறாள் என்றார் வாத்தியார். எங்கே சிவன் என்று எல்லாரும் தேடினோம். அங்கங்கே கோடும் நிறமுமாகக் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். ஆடியவர் போய்விட்டார், பார்த்தவள் முகம் தப்பியிருக்கிறது. எனக்கு என்னவோ தொண்டையை அடைத்தது. உன் தாத்தா போன பிறகு பாட்டி திண்ணையில் உட்கார்ந்திருப்பாளே, அந்த முகம்.

அஜந்தாவுக்கு ரயிலேறிப் போய் வந்து ஒரு மாதம் அதையே பேசினாய். பிறந்த ஊரில் இருக்கிறவளைப் போனில்தான் வைத்திருக்கிறாய். கழுதை! மழை ஈரம் ஒரு பக்கம், ஆணியால் பேரைக் கீறுகிற பயல்கள் ஒரு பக்கம். எந்தச் சுவருக்கும் எத்தனை காலம் என்று யார் கண்டது?

உன் அம்மா சொன்னாள், வேலைக்குப் போனதிலிருந்து நீ தூரிகையைத் தொடுவதே இல்லையாமே. ராத்திரி ஷிப்ட், பகலில் தூக்கம், ஓட்டல் சாப்பாடு. சம்பாதிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டுச் சுவரில் கரியால் நீ கிறுக்கிய மாட்டை மாமா இன்னும் வெள்ளையடிக்க விடவில்லை, அதைச் சொல்கிறேன்.

சிவராத்திரிக்கு இரண்டு நாள் முன்னதாகவே லீவு கேட்டு வாங்கு. அன்றைக்குக் கூட்டத்தில் ஒன்றும் பார்க்க முடியாது, முந்தின நாள் காலையிலேயே ஏறிவிடலாம். நோட்டும் பென்சிலும் கொண்டு வா. குருக்களிடம் நான் சொல்லி வைக்கிறேன். வருகிறவர் கையில் மல்லாட்டை கொடுத்து அனுப்புகிறேன், வறுத்துத் தின்னு. உன் அப்பா ஏதாவது முனகினால் என்னிடம் பேசச் சொல்.

உன் அத்தை